மவாஸுக்கு ஆறு புள்ளி

இந்த இதழைச் சிறுவர் பேய்க்கதைச் சிறப்பிதழாகக் கொண்டுவர நினைத்தோம். அறிவிப்புப் போட்டோம், கதைகளும் வந்தன. பேய்தான் வரவில்லை. பாதிக்கு மேற்பட்ட கதைகளில் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்தவன் செம்பனைக் குலை திருடுகிறவனாக இருந்தான். மற்றவற்றில் அம்மா வந்து தட்டி எழுப்பினாள், எல்லாம் கனவு. ஒரே ஒரு கதையில் பேய் கடைசிவரை பேயாக நின்றது. அதுவும், பெற்றோர் சொல்கேட்டு நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிவிட்டுத்தான் மறைந்தது. சிறப்பிதழை ஒத்திப்போட்டுவிட்டு, நமக்கு ஏன் இப்படி ஆகிறது என்று எழுத உட்கார்ந்தேன்.

ஜொகூரில் பேய்க்கா பஞ்சம்? குளுவாங், லாபிஸ், ரெங்கம் பக்கம் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். கப்பலேறி வந்தபோது கூடவே வந்த மோகினியும் கொள்ளிவாய்ப் பிசாசும் முனியும் ஒரு பக்கம். கம்பத்துக் கூட்டாளிகள் கொடுத்த பொந்தியானாக்கும் தோயோலும் பெலெசிட்டும் இன்னொரு பக்கம். பொந்தியான் என்று ஒரு மாவட்டமே நம்மிடம் இருப்பதால், அங்கிருந்து மாற்றலாகி வரும் பிள்ளைக்கு முதல் நாளே பட்டப்பெயர் தயாராக இருக்கும். பொந்தியானாக்கை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்து, 1957இல் சிங்கப்பூர்த் திரையரங்குகளை நிரப்பிய படத்தை இயக்கியவரும் பி. என். ராவ் என்ற இந்தியர்தான். பேய்கள் விஷயத்தில் இந்த நாட்டில் எப்போதும் நல்லிணக்கம் இருந்திருக்கிறது.

அந்தக் கதைகளை யார், எந்த நேரத்தில், யாருக்குச் சொன்னார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே பிரட்டுக்குப் போய்விடுவார்கள். கைப்பிள்ளை ஆயாக்கொட்டகையில். கொஞ்சம் வளர்ந்தது, இன்னும் சின்னதைப் பார்த்துக்கொண்டு வீட்டில். வாசலைத் தாண்டாதே, கிணற்றடிக்குப் போகாதே, ஆற்றுப் பக்கம் எட்டிப்பார்க்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க ஆள் இல்லை. அந்த வேலையைப் பேய் பார்த்தது. தோட்டத்தில் சம்பளம் வாங்காத ஆயா அது.

பிறகு ஆசிரியர்கள் வந்தார்கள். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்துபோனதிலிருந்து இங்கே பகுத்தறிவுக்கு ஒரு நல்ல பரம்பரை உண்டு. சாமியாடியின் பிரம்படிக்குப் பயந்து ஒடுங்கிக் கிடந்த பெண்பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்த ஆசிரியர்கள் அந்தப் பரம்பரையில் வந்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பேய் இல்லை என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் எழுதித் தந்த சிறுவர் கதையில் பேய் வந்ததே முகமூடி கிழிபடத்தான். பாட்டி பேயைக் காட்டி அடக்கினாள். ஆசிரியர் பேயை ஒழித்துப் பாடம் நடத்தினார். பேயிடம் அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டியிருந்தது என்று இருவருமே கேட்டதில்லை.

கேட்ட ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். ஹன்னா அல்காஃப் மலேசியாக்காரர். அவருடைய ‘தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்’ 2020இல் ஆங்கிலத்தில் வந்தது. மந்திரக்காரப் பாட்டி செத்துப்போகிறாள். அவள் வளர்த்த பெலெசிட் அடுத்த வாரிசைத் தேடிப் பேத்தி சுராயாவிடம் வந்து சேர்கிறது. வெட்டுக்கிளி உருவம், இரத்தம் குடிக்கும் பிறவி. அதற்கு இந்தப் பெண் வைக்கிற பெயர் பிங்க். ஊரை நடுங்கவைக்க வந்த பேய்க்கு இளஞ்சிவப்பு என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிற இடத்திலேயே பயம் பாதி உடைந்துவிடுகிறது. சுராயாவுக்கு அப்பா இல்லை. அம்மா ஆசிரியை; கண்டிப்பு உண்டு, கொஞ்சல் கிடையாது. பள்ளியில் சேர்த்துக்கொள்ள ஆளில்லை, சீண்டுவதற்குத்தான் ஆள் இருக்கிறது. சீண்டியவர்களைப் பிங்க் பழிவாங்குகிறது.

சாதாரணக் கதை என்றால் இங்கே கைதட்டிவிட்டு முடித்திருப்பார்கள். இந்த நாவல் இங்குதான் தொடங்குகிறது. சுராயாவுக்கு ஜிங் வெய் என்ற சீனத் தோழி கிடைக்கிறாள். பிங்க்கால் அதைப் பொறுக்க முடியவில்லை. இத்தனை நாள் காத்த கையே கழுத்தை நெரிக்க வருகிறது. உனக்காகத்தானே எல்லாம் செய்தேன், இன்னொருத்தி எதற்கு என்று அது கேட்கும்போது, வகுப்பறையில் வம்பு செய்த பெண்களைவிட அது பயங்கரமாகத் தெரிகிறது. அம்மாவின் மௌனத்துக்குள்ளும் ஒரு பழைய துக்கம் புதைந்திருக்கிறது. அதற்குமேல் சொன்னால் படிக்கப்போகிறவர்களுக்குத் துரோகம்.

இதைப் படிக்கும்போது எனக்கு மலாய்க் கம்பத்தைவிட நம் லயத்துக் கோடி முனியாண்டிதான் நினைவுக்கு வந்தார். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தைத் தொடர்ந்து வரும் ஆவியை மலாய்க்காரர்கள் ‘சாக்கா’ என்பார்கள். நாம் குலதெய்வம் என்கிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொன்னால் இரண்டு தரப்பும் அடிக்க வரும். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: படைத்தால் காக்கும், மறந்தால் வதைக்கும். சுருட்டும் சேவலும் கொடுக்கும்வரை எல்லையைத் தாண்டி எதுவும் உள்ளே வராது. தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, மாசாய், ஸ்கூடாய் அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் சாமியைக் கூட்டிக்கொண்டு போனதுண்டு. விட்டுவிட்டுப் போனதும் உண்டு. பசியோடு தனியே நிற்கிற முனி, அடுக்குமாடியில் தன் குடும்பத்துப் பேரப்பிள்ளையைத் தேடி மின்தூக்கிக்குள் வந்து நிற்கிற கதையை இதுவரை எந்தப் பிள்ளைக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறோமா?

நமக்கு அந்தக் கதை எழுத வராது என்று சொல்லவும் முடியாது. நல்லதங்காள் கதையைக் கேட்டு வளர்ந்த கூட்டம் நாம். அதில் பேய் எங்கே இருக்கிறது? பஞ்சத்துக்குப் பிறந்த வீடு தேடிவந்தவளுக்கும் அவள் ஏழு பிள்ளைகளுக்கும் சோறு போடாமல் விரட்டிய மூளி அலங்காரி அடுப்படியில்தான் இருந்தாள். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளமோ கதை சொல்லும் கூட்டாளி. கொடுமை வீட்டுக்குள்ளே, துணை சுடுகாட்டிலே என்பதை நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வேற்று நாட்டில் ‘கோரலைன்’ 2002இல் வந்து, பொத்தான் கண்களோடு அளவுக்கு மீறிக் கொஞ்சும் ஒரு மாற்றுத் தாயைக் காட்டியபோது உலகம் வியந்தது. பேய்ச்சி என்று பெயரிட்டு அம்மா என்று கும்பிடுகிற நமக்கு அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

தமிழில் யாருமே முயலவில்லை என்பதும் இல்லை. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலில் பாட்டி வழியாக வந்த மரப்பொம்மைக்கு உயிர் வந்து, பெரியவர் ஒருவரின் தொல்லையை வெளியே சொல்லத் தெரியாமல் தவிக்கும் சிறுமிக்குத் துணை நிற்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் அதற்குக் கிடைத்தது. இங்கே கெடாவிலிருந்து கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ என்று தொடங்கிப் பிள்ளைகளுக்கான மர்ம நாவல்களை எழுதினார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டிக் கதையும் தேர்வுக் கட்டுரையும் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அது துணிச்சலான காரியம். தென்கோடி ஜொகூரிலிருந்து நாம் என்ன கொடுத்தோம் என்பதே என் கேள்வி.

சுராயாவைப் பள்ளியில் சீண்டினார்களே, அதற்கான சொல்லைப் பற்றி. மலேசியத் தமிழ் நாளிதழ்கள் ‘பகடிவதை’ என்று எழுதுகின்றன. நல்ல சொல்தான், ஆனால் ‘சும்மா விளையாட்டுக்கு’ என்ற சாக்கையும் பகடி என்று தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிள்ளைகள் மலாய்ச் சொல்லையே வைத்துக்கொண்டு ‘புலி பண்றாங்க டீச்சர்’ என்கிறார்கள். பயம் இந்தச் சொல்லில்தான் சரியாக இருக்கிறது. பெரியவர்கள் உலகம் இதை எவ்வளவு விளையாட்டாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2024 ஜூலையில் இணையப் பகடிவதைக்கு ஆளான ஒரு தமிழ்ப் பெண்ணின் மரணத்தை ஒட்டிய வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். நாடு கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு 2025 ஜூலை 11 முதல் பகடிவதை தனிக்குற்றம் ஆயிற்று. சட்டம் வந்ததில் மகிழ்ச்சி. ஓய்வுநேர மணி அடித்ததும் சிற்றுண்டிச் சாலையில் யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்று முடிவாகும் அந்த அரை நிமிடத்துக்குள் எந்தச் சட்டமும் நுழையாது. அங்கே நுழையக்கூடியது கதை மட்டும்தான் என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

2005 கடைசியில் ஜொகூர்க் காட்டுக்குள் பேருருவம் ஒன்றைப் பார்த்ததாகச் செய்தி கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கலாம். நாளிதழ்கள் பிக்ஃபுட் என்றன. ஊர்க்காரர்கள் ஒராங் மவாஸ் என்றார்கள். 2006 தொடக்கத்தில் மாநில அரசே தேடுதல் குழு அமைப்பதாக அறிவித்தது. அப்போது நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர். ஐந்தாம் ஆண்டில் ஒரு பையன். வயதுக்கு மீறிய உயரம், நீண்ட கை, நல்ல கறுப்பு. செய்தி வந்த வாரத்திலேயே அவன் மவாஸ் ஆகிவிட்டான். அவன் மேசைமேல் சுண்ணாம்புக்கட்டியால் பெரிய காலடி வரைந்து வைப்பார்கள். அவன் துடைத்துவிட்டு உட்கார்வான். மற்றவர்களோடு சேர்ந்து அவனும் சிரிப்பான். ஒருநாள் நானும் சிரித்தேன்.

தேர்வுக்காகத் தன்கதை எழுதப் பழக்கிக்கொண்டிருந்த காலம். ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று ஒவ்வோர் ஆண்டும் வரும். கடையில் பிறந்து, ஒருவன் கையில் உழைத்து, தேய்ந்து, குப்பைத்தொட்டியில் கிடந்து பேசும் அந்தப் பொருள்கள். (நம் பிள்ளைகள் காலங்காலமாக எழுதிவரும் உண்மையான ஆவிக்கதை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.) பையன் ‘நான் ஒரு மவாஸ்’ என்று எழுதிக் கொடுத்தான்.

அந்த மவாஸ் பாட்டியோடு காட்டில் இருக்கிறது. அதன் அம்மா விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் வருகிறது. ஒரே கூட்டாளி ஓர் அழுங்கு. யாராவது கத்தினால் சுருண்டுகொள்ளும், மவாஸ் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நேராகும்வரை காத்திருக்கும். ஒருநாள் தேடுதல் குழு வருகிறது. அழுங்கு ஒளிந்துகொள்ளச் சொல்கிறது. மவாஸ் ஒளியவில்லை. கையில் டார்ச்சோடு வரிசையாகப் போகிறவர்களின் கடைசி ஆளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டு, அதுவும் இரவு முழுக்க மவாஸைத் தேடுகிறது. விடிந்ததும் தலைவர் ஆள் எண்ணுகிறார். ஒன்று கூடுதலாக வருகிறது. மறுபடி எண்ணுகிறார். அதோடு கட்டுரை முடிந்தது.

இருபதுக்கு ஆறு புள்ளி போட்டேன். படிப்பினை இல்லை என்று சிவப்பு மையில் எழுதி, மவாஸ் பிடிபட்டதா என்றும் ஓரத்தில் கேட்டிருந்தேன். திருத்தம் செய்துவரச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவன் கொண்டுவந்து நீட்டியபோது கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. என் கேள்விக்குக் கீழே மட்டும், பென்சிலில், சின்னதாக: இல்லை சார்.