பொந்தயை மெஷினில் தைத்தால் என்ன?

பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற போர்வைக்கு எங்க சித்தூர்ப் பக்கத் தெலுங்கில் 'பொந்த'ன்னு பேரு. கன்னடத்தில் கௌதி, வங்காளத்தில் காந்தா. தமிழ் பேசுற எங்க வீட்டிலும் அது பொந்ததான்.

அம்மா போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பருத்திப் புடவைகள் இருந்தது. பாத்திரக்காரனுக்குப் போட மனசு வரலை. ஃப்ளைட்டுக்கான 23 கிலோவில் எல்லாத்தையும் அடைச்சு இங்கே கொண்டுவரவும் முடியாது. நாலு புடவையை எடுத்துக்கிட்டு அம்மாவோட மிதி மெஷினில் உட்கார்ந்தேன். திருப்பதியிலிருந்து வந்திருந்த பெரியம்மா பார்த்ததுமே சொல்லிட்டாங்க: "மெஷின்ல தைச்சா அது பொந்த இல்லடா. கையால தைச்சாதான்."

அவங்க பேச்சில் ஒரு நியாயம் உண்டு. நைஞ்ச துணியில் மெஷின் ஊசி நெருக்கமாக் குத்தினா அந்த வரியிலேயே கிழியும். அதனால தையலைப் பெரிசா வச்சேன். கெட்டியான ரெண்டு புடவை வெளியே, நைஞ்ச ரெண்டும் உள்ளே.

அடுத்த சிக்கல் இடம். வீட்டு மெஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி அதுக்குள்ள நுழைக்கிறது பெரும்பாடு. பேங்க் ஆளாச்சே, கணக்கு போட்டேன். ஐந்தரை மீட்டர் புடவையைக் குறுக்கே பாதியாக்கினா, ஒவ்வொண்ணும் 9 அடி நீளம், 45 அங்குல அகலம். ரெண்டு பாதியையும் தனித்தனியாத் தைச்சு, கடைசியில் சேர்த்தாப் போதும்.

மெஷினோட பல் அடித்துணியைத்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். அதனால முதலில் நீள ஓட்டுத்தையல் போட்டு நாலு அடுக்கையும் பிடிச்சுக்கணும். நடுவில் ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும். ரெண்டு அங்குலத்துக்கு ஒரு வரின்னு பாதிக்கு 22 வரி, மொத்தம் 396 அடி. இதைக் கையால தைக்க என் லீவு எந்த மூலைக்கு?

இந்தச் சண்டை நம்ம வீட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் படூக்கா நகரத்துப் போர்வைப் போட்டியில் 1989-ல் கேரல் பிரையர் ஃபேலர்ட் மெஷினில் தைச்ச போர்வை முதல் பரிசு வாங்கினப்போ, கைத்தையல்காரங்க பலருக்குக் கோபம். இன்னிக்கு அங்கே மெஷின் தையல் சர்வசாதாரணம்.

ரெண்டு பாதியையும் இணைக்கிறப்போ மேல்பக்கத்தை மெஷினில் மூட்டலாம். அடிப்பக்கத்தை மடிச்சு, கையாலதான் தைச்சு மூடணும். அந்த 9 அடியைப் பெரியம்மாதான் தைச்சாங்க, முணுமுணுத்துக்கிட்டே.

என் கட்சி இதுதான். பொந்த இன்னிக்கு வீட்டுக்கு வீடு இல்லாமப் போனதுக்கு மெஷின் காரணமில்லை. கையால தைக்க நாள் வரும்னு நாம காத்திருந்ததுதான் காரணம். உங்க ஊர் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். அடுத்த லீவில் இறக்கிப் பாருங்க. பூச்சி அரிச்ச பிறகு கைத்தையலா மெஷின் தையலான்னு பேசி என்ன பிரயோஜனம்?