காப்புறுதி வழக்கறிஞர்

சட்டம் பயில விரும்பும் மாணவர் பலரின் மனக்கண்ணில் நிற்பது, கொலை வழக்கிலே குறுக்கு விசாரணை செய்து கூடியிருப்போரை வியக்கவைக்கும் நியாயதுரந்தரரின் தோற்றமே. காப்புறுதி வழக்குகளை நடத்துபவரை எவரும் நினைப்பதில்லை. அவர் தொழிலிற் பேச்சுக் குறைவு; படிப்பு மிகுதி. ஆயினும், அத்தொழிலுக்கு மூலமாய் நிற்கும் வழக்கு கதைபோலச் சுவையானது.

சுமாத்திராத் தீவின் பெங்கூலனில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மால்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அது அந்நியப் பகைவர் கைப்படுமாயின் தமக்கு நேரும் நட்டத்துக்கென, அதன் ஆளுநர் ஜோர்ஜ் காட்டர் 1759 ஒக்தோபர் முதல் ஓராண்டுக்கு இலண்டனிலே காப்புறுதி செய்வித்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். காப்புறுதி அளித்தவரோ பணங்கொடுக்க மறுத்தார். கோட்டை வலுவற்றது என்பதையும், பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்பதையும் ஆளுநர் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

ஜூரிமார் ஆளுநருக்குச் சார்பாய் அளித்த முடிவை 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு நிலைநிறுத்தினார். ஒருவர் தாம் மட்டுமே அறிந்த முக்கிய செய்தியை மறைத்தாற் காப்புறுதி கெடும். ஆனால், விசாரியாமலே துணிந்து பணம் பெற்றவர் பின்னர் அதைக் குற்றமாகக் காட்டலாகாது. யுத்தத்தின் போக்கை இலண்டனில் இருந்தவரே நன்கறிவார் என்றார் அவர்.

எமது நாட்டிலும் ஆயுட் காப்புறுதிக்கும் தீக் காப்புறுதிக்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் சட்டம் புகுத்தப்பட்டமையால், புதுக்கடை நீதிமன்றங்களுக்கு இந்நெறி அந்நியமானதன்று.

இத்துறையில் இறங்குவோர் சட்டக் கல்லூரிப் பாடத்தோடு நிற்க இயலாது. இன்று மாரடைப்பு, நாளை கடல்நீர் புகுந்த தேயிலைப் பெட்டி, மறுநாள் மின்னொழுக்கால் எரிந்த கடை. வைத்தியக் குறிப்பையும் பொறியியலாளர் அறிக்கையையும் தாமே வாசித்து விளங்கவேண்டும். இவ்வாரம் கம்பெனிக்காக வாதிட்டவர் அடுத்த வாரம் ஒரு விதவைக்காக நிற்பதும் உண்டு.

விதவையின் வழக்குச் சிலவேளை ஒரேயொரு தாளிலே தங்கிவிடும். கணவர் தமக்கு நீரிழிவு உண்டென்று முகவரிடம் சொல்லியிருப்பார், முகவர் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார், கையொப்பமோ கணவருடையது. 1929இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரு பஸ் காப்புறுதி வழக்கிலே, உண்மையைக் கேட்டறிந்தும் பிழையாக எழுதிய முகவரின் செயல் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று தீர்த்தது. எமக்கு அது கடுமையாகவே படுகின்றது. அந்நாட்டிலேயே 2012ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சொந்தத் தேவைக்காகக் காப்புறுதி செய்வோரின் பாரத்தைக் குறைத்துவிட்டது.

ஆகவே, இத்துறையிற் பழகிய சட்டத்தரணி, தம்மிடம் வந்த பெண்ணிடம் முதலிற் கேட்பது மரணத்தைப் பற்றியன்று. “படிவத்தை நிரப்பியவர் யார், அம்மா? அப்பொழுது நீங்கள் அருகில் இருந்தீர்களா?” என்பதே.