யாருடைய கை அழுக்கு?

சோப்பு விளம்பரத்தில் பிள்ளை மண்ணில் விளையாடிவிட்டு வருகிறான். அவன் உள்ளங்கையில் பச்சை நிறத்தில் கிருமிகள் நெளிகின்றன. குற்றவாளியைப் போல் விழிப்பவள் அம்மா. நல்ல தாய் எந்தச் சோப்பை வாங்குவாள் என்று வெள்ளைக் கோட்டு ஆண் ஒருவர் பாடம் நடத்துகிறார். அந்த வீட்டில் அப்பாவுக்குக் கையே இல்லை போலிருக்கிறது.

கைச்சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கை கழுவாததற்குப் பெண்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் நூற்றுக்கு 11 பெண்களுக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. முதல் பிரிவு வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். தெருவிலேயே பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. யார் காதில் விழுந்தது? பெண்களின் பயமும் கூச்சமுமே காய்ச்சலுக்குக் காரணம் என்றுகூடச் சொன்னார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுக்கவில்லை. பிணத்தை அறுத்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வந்த ஆண்களின் கைகள்தான் கொன்றன. 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் அந்தக் கைகளைக் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கழுவ வைத்தார், சாவு சரிந்தது. ஆனாலும் தம் கை அழுக்கு என்பதைப் பெரிய மருத்துவர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று அந்தப் பழி நம் கைமேல் விழுந்திருக்கிறது. அதைக் காட்டி வியாபாரமும் நடக்கிறது. நம் தோலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. புதிய கிருமி இடம்பிடிக்காமல் தடுப்பவையும் அவற்றில் உண்டு. நாம் அகற்ற வேண்டியது வெளியிலிருந்து வந்து ஒட்டிய கிருமிகளை. சாதாரண சோப்பே பிசுக்கோடு அவற்றைப் பெயர்த்துத் தண்ணீரில் போக்கிவிடும். ‘கிருமிநாசினி’ சோப்புகளில் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசான், பாக்டீரியா தன் சவ்வுக்கான கொழுப்பைச் செய்துகொள்ள உதவும் நொதியை முடக்கும். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் சாதாரண சோப்பைவிட அது மேல் என்று நிறுவனங்களால் நிரூபிக்க முடியவில்லை. 2016இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதையும் வேறு 18 பொருட்களையும் வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது.

என் அம்மாவின் விரலில் நகச்சுற்று ஆறியதே இல்லை. நாளெல்லாம் ஈரத்திலும் சோப்பிலும் ஊறும் கையில் தோலின் காப்பு கரைந்துபோகும். நகக்கண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்துகொள்ளும். ஊரார் எச்சிலைக் கழுவிய அந்தக் கையைத்தான் மாதம் மூன்று நாள் ‘தீட்டு’ என்று அடுப்படிக்கு வெளியே நிறுத்தினார்கள். எந்த நுண்ணோக்கியிலும் தீட்டு தெரிந்ததில்லை.

மாணவிகளே, கை கழுவுங்கள். சாதாரண சோப்பும் 20 விநாடியும் போதும். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதோடு வீட்டு வேலையையும் கைகழுவிவிட்டுப் போகும் ஆண்களை நிறுத்திக் கூப்பிடுங்கள். அவரவர் தட்டை அவரவர் கழுவட்டும். நம் நகக்கண்கள் ஆறட்டும்.