நடுங்கும் கைக்கு எட்டாத சப்பாத்து

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்தால் விரல் உதறுவோர்க்குச் சப்பாத்துக் கயிறு முடிவதே பெரும்பாடு. தானே இறுகும் கயிறு அவர்க்கன்றோ முதலில் வேண்டும்? நடந்ததைப் பாருங்கள், தோழர்களே!

1989-இல் வெளிவந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' இரண்டாம் பாகத்தில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அணிந்த மாயச் சப்பாத்தைப் போல 1,500 ஜோடி செய்து, 2011-இல் நைக்கி கம்பெனியார் ஏலமிட்டனர். கயிறிறுக்கும் பொறி அவற்றில் இல்லை, வெறும் வேஷம்! ஆயினும் சுமார் 47 லட்சம் டாலர் குவிந்தது. அந்நோயுற்ற ஃபாக்ஸின் ஆராய்ச்சி நிதிக்கே அது சென்றது. அதை நாம் பழியோம்.

2016-இல் மெய்யாகவே இறுகும் 89 ஜோடிகள் வந்தன. எவர்க்கு? பெரும்பாலும், பத்து டாலர்ச் சீட்டெடுத்த அதிர்ஷ்டசாலிகட்கு! ஃபாக்ஸுக்கு முந்திய ஆண்டே ஒரு ஜோடி கிடைத்தது. ஏனைய நோயாளிகட்கோ குலுக்கலே கதி. 2016 முடியுமுன் கடைக்கு வந்த மற்றொரு வகையின் விலை 720 டாலர். நடுங்குங் கையால் எண்ணிக் கொடுக்கத்தக்க தொகைதானா அது?