இன்றைய நாளைத் தமிழில் சொல்வோம்

(கருத்துரை)

நுழையும்முன்

தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் பிள்ளைகள் தமிழை எப்போது பேசுகிறார்கள்? எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? தில்லி நகர வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விகளை ஆராய்கிறது இக்கட்டுரை. ஆசிரியரின் கருத்து எது, அதற்கு அவர் காட்டும் காரணங்கள் எவை என்பதைக் கவனித்துப் படியுங்கள். பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பாடம்

தில்லியில் வளரும் 15 வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் எழுப்பும் அம்மாவின் குரல் தமிழ். ‘பால் ஆறுகிறது’, ‘சீக்கிரம் குளி’, ‘கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்’ என்பன தமிழ். வாசலைத் தாண்டி லிஃப்டில் ஏறியதும் அண்டை வீட்டாரிடம் இந்தி. வகுப்பில் ஆங்கிலம். இடைவேளையில் இந்தி. மாலையில் பூங்காவில் கிரிக்கெட். அங்கு எழும் சண்டையும் சமாதானமும் இந்தி. இரவு வீடு திரும்பியபின் மீண்டும் தமிழ்: ‘பசிக்கிறது’, ‘இன்னும் கொஞ்சம் குழம்பு’, ‘தூக்கம் வருகிறது’.

அந்த நாளில் எத்தனையோ நிகழ்ந்திருக்கும். நெருங்கிய தோழியோடு மனத்தாங்கல் வந்திருக்கும். அறிவியல் ஆய்வகத்தில் ஒரு சோதனை முதன்முறையாகச் சரியாக வந்திருக்கும். தெருவில் தண்ணீர் லாரி வராமல் பெரியவர்கள் கூடி நின்று பேசியிருப்பார்கள். இவற்றில் ஒன்றும் தமிழில் சொல்லப்படுவதில்லை. பசியும் தூக்கமும் மட்டுமே தமிழில் சொல்லப்படுகின்றன. ஆகவே பிள்ளைக்கு வயது 15 ஆகிறது. அவருடைய தமிழோ 5 வயதிலேயே நின்றுவிடுகிறது.

இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். மொழியின் பழம்பெருமையைப் பேசி இதற்கு விடை கூற நான் விரும்பவில்லை. இழப்பு வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கிறார். ‘சாப்பிட்டாயா கண்ணு?’ ‘சாப்பிட்டேன் பாட்டி.’ ‘நன்றாகப் படிக்கிறாயா?’ ‘படிக்கிறேன்.’ அதற்குமேல் பேச்சு நகர்வதில்லை. தொலைபேசி அம்மாவின் கைக்குப் போய்விடுகிறது. அன்பு குறைந்ததனால் அன்று, சொற்கள் தீர்ந்துவிட்டதனால். பேரப்பிள்ளை சாப்பிட்டதும் படிப்பதும் பாட்டிக்குத் தெரிகின்றன. அப்பிள்ளை எதற்குச் சிரிக்கிறது, எதற்கு அஞ்சுகிறது, யாருடன் பழகுகிறது என்பன தெரிவதில்லை.

எனவே என் கருத்து இதுதான்: தமிழை ஊர் நினைவுகளுக்கும் திருவிழாக்களுக்கும் மட்டும் ஒதுக்கி வைக்கக் கூடாது. இன்று, நாம் வாழும் தெருவில், நமக்கு நேர்ந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய செய்திகளும் சொற்களும் நம் குடியிருப்பிலேயே கிடைக்கின்றன.

வாரச் சந்தையைப் பாருங்கள். தில்லியின் பல குடியிருப்புகளில் வாரத்திற்கு ஒருநாள் மாலையில் தெருவோரம் சந்தை கூடுகிறது. திங்களன்று கூடுவது சோம் பஜார். புதனன்று கூடுவது புத் பஜார். இவை இந்திப் பெயர்கள். ஆனால், நாமக்கல் மாவட்டத்தில் புதன்சந்தை என்றே ஓர் ஊர் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்னும் ஊர்கள் இருக்கின்றன. கிழமையின் பெயரால் சந்தையை அழைக்கும் வழக்கம் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. புத் பஜாருக்குப் போய்வந்த பிள்ளை, ‘இன்று புதன்சந்தைக்குப் போனோம்’ என்று பாட்டியிடம் சொன்னால் அது மொழிபெயர்ப்பாக ஒலிக்காது; பாட்டிக்குப் பழகிய பேச்சாகவே ஒலிக்கும்.

சந்தைக்குள் நுழைந்தால் இன்னும் பல சொற்கள் காத்திருக்கின்றன. காய்களைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். விலையைக் குறைக்கப் பேரம் பேசுவோம். காய் வாங்கி முடித்தபின் ஒரு பிடி கொத்தமல்லியையும் நான்கு பச்சை மிளகாயையும் விலையின்றிக் கேட்டு வாங்குவோம். அதற்குத் தமிழில் கொசுறு என்று பெயர். கூறு, பேரம், கொசுறு ஆகிய சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தால் மறுவாரம் மறந்துபோகும். அம்மாவுடன் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கற்றால் மறக்காது.

சாலையோர மரங்களும் இப்படித்தான். மே மாத வெயிலில் தில்லிச் சாலைகளில் மஞ்சள் சரங்களாகப் பூத்துத் தொங்கும் மரத்தை எல்லாரும் அமல்தாஸ் என்கிறார்கள். அதுவே தமிழ் நூல்கள் கூறும் கொன்றை. பிப்ரவரி இறுதியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூக்களோடு நிற்கும் செமல் மரம், இலவமர இனத்தைச் சேர்ந்தது. கோடையில் அதன் காய் வெடித்துப் பஞ்சு காற்றில் பறக்கும். காய் பழுக்கும் என்று காத்திருந்து, கடைசியில் பஞ்சைக் கண்டு ஏமாந்த கிளியைப் பற்றித்தான் ‘இலவு காத்த கிளி’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். அப்பழமொழியின் பொருளை உங்கள் பள்ளிச் சுவருக்கு வெளியேயே கண்ணால் காணலாம். முன்பு ராஜ்பத் என்றும் 2022 முதல் கர்த்தவ்ய பத் என்றும் வழங்கும் பெருஞ்சாலையின் இருபுறமும் நிற்பவை நாவல் மரங்கள். முருகன் சிறுவனாக வந்து, ‘சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா’ என்று ஒளவையாரிடம் கேட்டதாகச் சொல்லப்படும் கதை நாவல் மரத்தில்தான் நிகழ்கிறது. இந்தியா கேட்டுக்குக் குடும்பத்தோடு செல்லும் மாலையில் தம்பி தங்கையருக்கு அக்கதையைச் சொல்லலாமே.

இனி, அக்கம்பக்கத்தில் நடக்கும் விழாக்களை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 13 அன்று பஞ்சாபிக் குடும்பங்கள் லோஹ்ரி கொண்டாடுகின்றன. குடியிருப்பின் நடுவே தீ மூட்டி, வேர்க்கடலையும் எள் மிட்டாயும் சோளப்பொரியும் அதிலிட்டு, சுற்றிவந்து பாடுகின்றன. ஏறக்குறைய அதே நாளில் நமக்குப் போகி. பழையன கழிக்கும் அந்நாளில் நாமும் தீ மூட்டுகிறோம். மறுநாள் மூடுபனிக்கிடையே பால்கனியிலோ அடுக்களையிலோ பொங்கல் பொங்குகிறது. ஒரே வாரம், இரு விழா, ஒரே குளிர். இந்த அனுபவம் சென்னையில் வாழும் உங்கள் அத்தை மகனுக்கு இல்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் பாதிதான் உண்டு. இரண்டையும் அறிந்தவர் நீங்கள். ‘லோஹ்ரி என்றால் என்ன?’ என்று சேலத்துப் பாட்டி கேட்டால், அவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடியவரும் நீங்களே. நவம்பர் மாதத்துப் புகைமூட்டத்தில் பள்ளியை மூடி வீட்டிலிருந்தே படிக்கச் சொல்வதையும், ஜூன் மாதத்து அனல் காற்றையும் நீங்கள் சொன்னால்தான் அவர் அறிவார். இதுவரை பாட்டி கதை சொன்னார், பிள்ளைகள் கேட்டார்கள். இப்போது பிள்ளைகளிடமும் சொல்லக் கதை இருக்கிறது.

தில்லியில் தமிழரின் தடங்கள் இல்லாமல் இல்லை. கான் மார்க்கெட்டை ஒட்டிச் சுப்பிரமணிய பாரதி சாலை செல்கிறது. இராஜாஜியின் பெயரிலும் காமராஜரின் பெயரிலும் சாலைகள் உள்ளன. குடியரசுத் தலைவர் பதவியை நிறைவு செய்தபின் அப்துல் கலாம் வாழ்ந்த இல்லம் இராஜாஜி சாலையில்தான் இருந்தது. 2015ஆம் ஆண்டு அவருடைய பெயரும் ஒரு சாலைக்குச் சூட்டப்பட்டது. விடுமுறை நாளில் பெற்றோரோடு சென்று இச்சாலைகளைக் காண்பது நல்லதே. ஆனால் அத்தோடு நிறைவடைந்துவிடக் கூடாது. பலகையிலுள்ள பெயர் அங்கேயே நிற்கும். அதைப் படிப்பதால் மட்டும் நம் தமிழ் வளர்ந்துவிடாது. பாரதி சாலையில் நடந்துகொண்டே நீங்கள் எந்த மொழியில் எதைப் பேசுகிறீர்கள் என்பதே முதன்மையானது.

இக்கருத்தை மறுப்போரும் உண்டு. ‘எங்கள் அன்றாட வாழ்க்கையில் உள்ள பலவற்றுக்குத் தமிழ்ச் சொல்லே வாயில் வருவதில்லை’ என்பது அவர்கள் கூறும் முதல் தடை. வராவிட்டால் என்ன? ‘மெட்ரோவில் இடமே கிடைக்கவில்லை, கால் கடுக்க நின்றுகொண்டு வந்தேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சொல்தான் வெளியிலிருந்து வந்தது. வாக்கியம் முழுவதும் தமிழே. சன்னல், சாவி, அலமாரி என்னும் சொற்கள் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. அவை இல்லாமல் இன்று ஒரு தமிழ் வீடும் இல்லை. இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973இல் குடமுழுக்குக் கண்ட உத்தர சுவாமிமலைக் கோயிலைத் தில்லித் தமிழர் ‘மலை மந்திர்’ என்றே அழைக்கின்றனர். மலை என்பது தமிழ். மந்திர் என்பது இந்தி. புதிய ஊரில் மொழி இவ்வாறுதான் வேர் விடும். தெரியாத சொல்லுக்காக வாக்கியத்தையே கைவிட வேண்டியதில்லை.

‘இந்தியும் ஆங்கிலமும்தான் படிப்புக்கும் வேலைக்கும் தேவை’ என்பது இரண்டாவது தடை. தேவைதான், அவற்றை நன்றாகக் கற்க வேண்டும். நண்பர்களின் மொழியை நேசிக்கவும் வேண்டும். தமிழ் அவற்றின் இடத்தைக் கேட்கவில்லை. இரவு உணவின்போது கால் மணி நேரத்தைக் கேட்கிறது. பகலில் இந்தியில் நடந்த கிரிக்கெட் சண்டையை இரவில் தமிழில் விவரித்தால், நடந்ததை மறுபடியும் எண்ணிப் பார்க்கிறீர்கள். யார் பக்கம் நியாயம் இருந்தது என்பதும் சில வேளைகளில் அப்போதுதான் விளங்கும்.

மூன்றாவது தடை சொல்லப்படுவதில்லை. ஆனால் அதுவே பெரியது. அது கூச்சம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளை வாய் திறந்தவுடன், ‘ழ’ வரவில்லை என்று உறவினர் சிரிக்கிறார்கள். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லி வேடிக்கை பார்க்கிறார்கள். அடுத்த முறை அப்பிள்ளை பேசுவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிழையைத் திருத்துமுன் செய்தியைக் கேளுங்கள். செய்தி முழுவதும் வந்தபின் பிழையைத் தனியே, அன்போடு சொல்லலாம். இன்னும் ஒன்று உண்டு. பல வீடுகளில் சாப்பாட்டுப் பேச்சு தமிழில் நடக்கிறது. மதிப்பெண், மேற்படிப்பு, வேலை, மருத்துவம் என்று பேச்சு கனத்தவுடன் பெற்றோர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். தமிழ் சிறிய பேச்சுக்கு மட்டுமே உரியது என்று பிள்ளைகள் எண்ணுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அப்பாவின் அலுவலகத்தில் இன்று என்ன நடந்தது, அம்மா வேலை செய்யும் இடத்தில் எதற்காக மனம் நொந்தார் என்பவற்றை அவர்களும் தமிழில் சொல்ல வேண்டும். கேட்டுப் பழகிய பிள்ளைகளே சொல்லவும் பழகுவார்கள்.

மாணவர்களே, இதற்குப் புத்தகமோ செலவோ வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். லிஃப்டு பழுதானது, பூங்காவில் குரங்கு வந்தது, தோழி பேசாமல் போனது, தேர்வு அச்சம் தந்தது என எதுவாயினும் ஆகுக. அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை தமிழில் ஒருவரிடம் சொல்லுங்கள். முதல் வாரம் தடுமாறும். இரண்டாம் வாரம் கேட்பவர் கேள்வி கேட்கத் தொடங்குவார். வரும் ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து அழைப்பு வரும்போது, ‘சாப்பிட்டேன் பாட்டி’ என்பதற்குப் பிறகு சொல்வதற்கு இன்னொரு வாக்கியம் உங்களிடம் இருக்கும்.

சொல்லும் பொருளும்

மனத்தாங்கல் – மன வருத்தம்
கூறு – விற்பதற்காகப் பிரித்து வைத்த சிறு குவியல்
கொசுறு – வாங்கிய பொருளுக்கு மேல் விலையின்றித் தருவது
தடம் – அடையாளம், சுவடு
குடமுழுக்கு – கோயிலில் நடைபெறும் நன்னீராட்டு விழா

சிந்தித்து எழுதுக

1. ‘பிள்ளைக்கு வயது 15 ஆகிறது; அவருடைய தமிழோ 5 வயதிலேயே நின்றுவிடுகிறது’ என ஆசிரியர் கூறுவது ஏன்?
2. போகிக்கும் லோஹ்ரிக்கும் உள்ள ஒற்றுமையை எழுதுக.
3. பெரியவர்களிடம் ஆசிரியர் வைக்கும் வேண்டுகோள்கள் யாவை? அவற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.

செய்து பார்க்க

உங்கள் தெருவில் இந்த வாரம் நடந்த ஒரு நிகழ்ச்சியை, அவ்வூரைப் பார்த்திராத உறவினர் ஒருவருக்குத் தமிழில் பத்து வரிக் கடிதமாக எழுதுக. தமிழ்ச் சொல் தெரியாத இடத்தில் வழக்கிலுள்ள சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதலாம்.