ஜீவாவின் நாடும் சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமையும்

எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடன் இதழில் ‘என் இனிய இயந்திரா’ என்ற தொடர்கதையை எழுதினார். கதை நடப்பது 2021ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில். அன்றைய வாசகர்களுக்கு அது எட்டாத எதிர்காலம். அந்தக் கதையில் இந்தியாவை ஜீவா என்னும் தலைவர் ஆள்கிறார். குடிமக்களின் பெயர்கள் இரண்டே எழுத்துகளில் இருக்க வேண்டும். பெயருடன் ஓர் எண்ணும் உண்டு. குழந்தை பெற்றுக்கொள்வதற்குக்கூட அரசின் அனுமதி தேவை. நிலா என்ற பெண் காணாமற்போன தன் கணவன் சிபியைத் தேடத் தொடங்கும்போதுதான் அந்த ஆட்சியின் உண்மை நிலை அவளுக்குப் புலப்படுகிறது. அவளுக்குத் துணையாக வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய்.

மக்களை முழுமையாகக் கட்டுப்படுத்தும் சமுதாயத்தைக் காட்டும் கதைகள் பல மொழிகளில் உள்ளன. 1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலில், சுவரில் உள்ள திரை மனிதர்களை இடைவிடாமல் கவனிக்கிறது. 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி படைத்த உலகத்தில் திரைகூடத் தேவையில்லை. கவலையை மறக்கச் செய்யும் மாத்திரையே போதும். 1998இல் வெளிவந்த ‘தி ட்ரூமன் ஷோ’ திரைப்படத்தின் நாயகன், தன் ஊரே ஒரு படப்பிடிப்புத் தளம் என்பதை அறியாமல் வளர்கிறான். இவற்றுள் ஆர்வெலின் திரையைப் பற்றித்தான் பலரும் பேசுகிறார்கள். ஆனால், சுஜாதாவின் ஜீவா அதைவிடக் கூர்மையான கற்பனை. மக்கள் வாழ்த்தி வணங்கும் அந்தத் தலைவர் மனிதரே அல்லர். ஒளியால் உருவாக்கப்பட்ட வெறும் பிம்பம். (கதையை இன்னும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) யார் ஆள்கிறார் என்பதே தெரியாத இடத்தில் யாரிடம் போய்க் கேள்வி கேட்பது?

கதையில் வந்த 2021ஆம் ஆண்டு உண்மையாகவே வந்தபோது, சிங்கப்பூர் கிருமித்தொற்றுடன் போராடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச் மாதத்தில் அறிமுகமான ‘டிரேஸ்டுகெதர்’ செயலி, யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதைப் புளூடூத் மூலம் பதிவு செய்தது. நாளடைவில், கடைத்தொகுதிக்குள் நுழையவும் உணவகத்தில் அமரவும் அந்தச் செயலியோ கருவியோ தேவைப்பட்டது. அதன் தகவல்கள் நோய்த்தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று முதலில் கூறப்பட்டது. ஆனால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அவற்றைப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்வியால் தெரியவந்தது. பலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் தவற்றுக்குப் பொறுப்பேற்பதாக நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பிப்ரவரியில் புதிய சட்டம் நிறைவேறியது. ஏழு வகைக் கடுங்குற்றங்களை விசாரிக்க மட்டுமே காவல்துறை அந்தத் தகவல்களைக் கேட்கலாம் என்று அது வரையறுத்தது.

இதைக் காட்டி, ‘சிங்கப்பூரும் ஜீவாவின் நாடுதான்’ என்று சொல்லிவிடுவது எளிது, அது சரியன்று. ஜீவாவின் நாட்டில் அப்படியொரு கேள்வியைக் கேட்க மன்றம் இல்லை. பதில் சொல்ல ஆளும் இல்லை. ஆயினும், எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. ஒருவர் கேட்டதால்தான் சட்டம் மாறியது.

அதே காலத்தில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு எழவில்லை. தங்கும் விடுதிகளில் நோய் வேகமாகப் பரவியதால், 2020 ஏப்ரல் முதல் அங்குள்ள வெளிநாட்டு ஊழியர்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, வீரமாகாளியம்மன் கோயிலில் வணங்கி, நண்பர்களுடன் தேநீர் அருந்தும் வழக்கம் அவர்களுக்கு நின்றுபோனது. 2021 செப்டம்பரில்தான், தடுப்பூசி போட்டுக்கொண்ட ஊழியர்கள் வாரத்திற்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கு வர ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. நெருக்கமான அறைகளில் நோயைத் தடுக்க வேண்டியிருந்தது என்ற காரணம் நியாயமானதே. அது நீடித்த காலத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மற்றவர்கள் உணவகங்களிலும் கடைத்தொகுதிகளிலும் நடமாடிய மாதங்களில், நாட்டின் கட்டடங்களை எழுப்பியவர்கள் விடுதிக்கும் வேலையிடத்திற்கும் இடையில்தான் இருந்தார்கள்.

இங்கே கதைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஆர்வெலின் நாவலில் திரை பெரும்பாலும் கட்சி உறுப்பினர்களையே கவனிக்கிறது. உழைக்கும் மக்கள் ஒரு பொருட்டாக எண்ணப்படாததால் அவர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்கிறார்கள். நடைமுறையில் நிகழ்ந்தது நேர்மாறு. குரல் எழுப்ப வாய்ப்புக் குறைந்தவர்களுக்கே கட்டுப்பாடு மிகுதியாக இருந்தது.

கண்காணிப்பு முறை ஒன்று வரும்போது, ‘யார் பார்க்கிறார்கள்?’, ‘எதற்காகப் பார்க்கிறார்கள்?’ என்று பலரும் கேட்கிறார்கள். ‘எப்போது நிறுத்துவார்கள்?’ என்ற கேள்விதான் மறந்துபோகிறது. டிரேஸ்டுகெதரைப் பொறுத்தவரை அதற்கான பதில் 2023 பிப்ரவரியில் கிடைத்தது. சேகரிப்பு நின்றது, தகவல்களும் ஒரு கொலை வழக்கிற்கு உரியவை தவிர அழிக்கப்பட்டன. ஊழியர்களுக்கோ, 2022 ஜூன் மாதத்திற்குப் பிறகு மற்ற இடங்களுக்கு அனுமதி தேவைப்படவில்லை. ஆனால், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு வர மட்டும் அனுமதிச்சீட்டு இருந்துகொண்டே இருந்தது. டிரேஸ்டுகெதர் நின்ற பிறகும் அந்தச் சீட்டு சில காலம் நீடித்தது.