கோப்பையும் கட்டுக்கதையும்

பழம்பொருள் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டுவது நமக்கொரு பொழுதுபோக்கு. ஷாம்பெயின் அருந்தும் வழக்கம் நமக்கில்லை. அதன் கோப்பைகளின் மீது மட்டும் மாளாத ஆவல். அரிய பழங்கோப்பைகள் மேலைநாடுகளில் திருமணத்துக்கும் மணநாளுக்கும் உகந்த பரிசாக விற்கப்படுகின்றன. அதில் குறையொன்றுமில்லை. உடன் ஒரு பொய்யையும் பொதிந்து தருவதுதான் உறுத்துகிறது.

அகன்று, ஆழம் குறைந்த 'கூப்' கோப்பை பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் மார்பை அச்சாகக் கொண்டு வார்க்கப்பட்டதாம். சான்று ஏதுமில்லை. 1780களின் இறுதியில், ராம்பூயே அரண்மனையின் பால்மனைக்காக செவ்ர் பீங்கான் ஆலை மார்பு வடிவில் கிண்ணங்கள் செய்தது உண்மை. ஆட்டுத்தலைகள் மூன்று தாங்கிநிற்கும் அவை பாலுக்கானவை, கண்ணாடியுமல்ல. அவற்றுக்கும் அரசியே மாதிரி என்பதற்கு ஆதாரமில்லை. கூப், ஷாம்பெயினுக்குரிய கோப்பையாகப் பரவியதோ 19ஆம் நூற்றாண்டில். அரசி 1793இலேயே கில்லட்டினில் மாண்டுவிட்டாள். வாழ்ந்த காலத்தில் துண்டுப்பிரசுரங்கள் அவளைப் பற்றி ஆபாசமாய் எழுதிக் குவித்தன. அந்த அவதூறின் மிச்சத்தை மணமக்கள் கையில் கொடுப்பது என்ன நாகரிகம்?

மெய்க்கதைகளுக்கா பஞ்சம்? விக்டோரியா காலத்துக் கூப்கள் சிலவற்றின் தண்டு உள்ளீடற்றது. குமிழிகள் அடியிலிருந்தே சரஞ்சரமாய் எழும். (கழுவுகிறவர் பாடு வேறு!) நம் மனத்தை விட்டகலாதது லாலிக் நிறுவனத்தின் 'ஆன்ஜ்' கோப்பை. ஷாம்பெயின் பிரதேசத்து நகரமான ரீம்ஸின் பேராலய வாயிலில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புன்னகைக்கும் தேவதூதன் சிலை உண்டு. 1914 செப்டம்பரில் ஜெர்மானிய பீரங்கித் தாக்குதலில் ஆலயம் தீப்பற்றியபோது அதன் தலை உடைந்து வீழ்ந்தது. துண்டுகளைப் பேணிவைத்திருந்து, 1926இல் சீரமைத்து மீண்டும் பொருத்தினார்கள். அந்தத் தேவதூதனைத்தான் மார்க் லாலிக் 1948இல், இன்னொரு போரும் முடிந்த பின்னர், கோப்பையில் வடித்தார். பனி படர்ந்தாற்போன்ற மங்கல் கண்ணாடியில் அவன் முகமும் சிறகுகளும்.

ஆறு கோப்பைகள் கொண்ட பெட்டியைவிட இத்தகைய ஒற்றைக் கோப்பையையே நாம் பரிந்துரைப்போம், இக்கதையைக் கையால் எழுதிய ஒரு தாளுடன். பரிசு பெற்றவர் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்காமல் ஆண்டுக்கொருமுறையேனும் கையிலெடுக்கட்டும். வாங்குமுன் அடிப்பகுதியைப் பார்த்துவிடுவது நல்லது. ரெனே லாலிக் 1945இல் மறைந்தார். கையொப்பத்திலிருந்த 'ஆர்' என்னும் முதலெழுத்தும் அவரோடு போயிற்று. இந்தக் கோப்பையில் அவ்வெழுத்து தென்பட்டால், விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.